மாமியார் பேர்ல ஒரு சவுண்டு

ஞாயித்துக்கெழம என் மச்சினி ஷீலாவுக்கு நிச்சயதார்த்தம். அதுல நான் கிட்டார்ல ரெண்டு பாட்டு வாசிக்கணும். எனக்குக் குடுத்த வேலை அவ்ளோதான்.

பிரியாணி, மாலை, மைக் செட்டு, சேர் அல்லாத்தையும் வேற வேற ஆளுங்க பாத்துக்கினாங்க. அதுல ஒருத்தர் கூட சொதப்பல. சொதப்புனது நான் ஒருத்தன்தான்.

எம்பேரு இன்னாசி. ராயபுரத்துல இந்தப் பேர வெச்சிகினு கீறது ஒரு தனி பேஜாரு. ரோட்ல யாரு யாரப் பாத்து "இன்னா"ன்னு கேட்டாலும் நான் திரும்பிப் பாப்பேன்.

வேலை திருவொத்தியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டுல. கேட்ல குந்திகினு வர்ற லாரி, போற லாரி நம்பரெல்லாம் எய்துவேன். ஞாயித்துக்கெழமயில கோயில் பாடகர் குழுவுல கிட்டாரு.

என்கிட்ட ஒரு பழைய ஆம்ப் இருந்துது. கிட்டார் சத்தத்தப் பெருசாக்குற ஸ்பீக்கர் பொட்டி. பொட்டின்னா சொம்மா பொட்டி இல்ல, ரெண்டு பேரு தூக்கணும். எங்க வூடு மூணாவது மாடி. போன திருநாளுக்கு அத்த ஒண்டியா தூக்கினு எறங்கனதுல கழுத்து புட்ச்சிகிச்சு. நாலு நாளு யார்டுல ஒரே பக்கம்தான் திரும்ப முடிஞ்சுது. வர்ற லாரி தெரியும், போற லாரி தெரியாது.

எம் பொண்டாட்டி ரெஜினா நிதானமா சொன்னா, இந்த வூட்ல ஒண்ணு அந்தப் பொட்டி இருக்கலாம், இல்லன்னா நான் இருக்கலாம்னு. யாரு இருக்கணும்னு அவ முடிவு பண்றதுக்கு முன்னாடி நானே பொட்டிய அனுப்பிட்டேன்.

அப்பால தான் குமாரு வந்தான். குமாரு எம்.கே.பி. நகர்ல கீற நம்ம தோஸ்து. கல்யாண வூட்ல, ரிசப்ஷன்ல எல்லாம் கிட்டார் வாசிக்கிறவன். புதுசா ஒண்ணு வாங்கிட்டேன்னு சொல்லி அவன் பழைய மெஷின என் தலையில கட்டினான்.

அதுக்குப் பேரு ஆம்ப் மாடலர். பாக்க டிபன் பாக்ஸ் சைஸுக்கு கீது. அதுல நாலு பட்டன், கால்ல மெறிக்கிறது. மேல ஒரு குட்டி ஸ்கிரீன். உலகத்துல கீற பெரிய பெரிய ஆம்ப்பெல்லாம் எப்டி சத்தம் போடுமோ, அத்த அப்டியே இந்த டப்பா பண்ணிக் காட்டும். போன்ல அதோட ஆப்ப போட்டுகினா, ஒக்காந்த எடத்துலயே அல்லாத்தையும் மாத்திக்கலாம்.

"உள்ள நூறு ஆம்ப் கீது மாமு. நீ தூக்குறது ஒரு டப்பாதான்" அப்டின்னான் குமாரு.

நூறு ஆம்ப் கீதுன்றதுல தான் பிரச்சினையே.

வூட்டுக்கு வந்து ஹெட்போன் மாட்டிகினு மொத சவுண்ட வெச்சேன். காதுக்குள்ள ஒரு பெரிய மைதானம், லட்சம் பேரு கத்தற மாதிரி ஒரு சத்தம். நான் கண்ண மூடிகினு, தலைய ஆட்டிகினு, கட்டில் மேல ஒரு கால வெச்சி வாசிக்கிறேன். கண்ணத் தொறந்தா எதுர்ல ரெஜினா. கைல கரண்டி.

அவளுக்குக் கேட்டது வெறும் கம்பி சத்தம் மட்டும். டிங்கு, டிங்குன்னு.

"கொசுவத்தி வாங்கியாரச் சொன்னேன். நீயே கொசு மாதிரி சத்தம் போட்டுகினு கீறே" அப்டின்னு சொல்ட்டு உள்ள பூட்டா.

ரெண்டு நாளு ஒவ்வொரு சவுண்டா கேட்டேன். கம்பெனிக்காரன் வெச்ச பேரெல்லாம் ஒண்ணும் புரியல. வெல்வெட்டுன்னு ஒண்ணு கீது, மெறிச்சா தகரத்த இஸ்துகினு போற சத்தம். பனித்துளின்னு அர்த்தம் வர்ற மாதிரி ஒண்ணு, மெறிச்சா இடி. நல்லா கீற ஒண்ண மூணாவது எடத்துல கண்டுபுட்ச்சேன். அடுத்தது எண்பதுக்கு மேல எங்கியோ கீது. ஒண்ணுலேந்து ஒண்ணுக்குப் போறதுக்குள்ள பாட்டு முடிஞ்சிரும்.

சரி, ஒழுங்கா அடுக்கி வெப்போம்னு குந்தினேன். எனக்குத் தெரிஞ்ச அடுக்கல் ஒண்ணுதான், யார்டு அடுக்கல். நாலு எழுத்து, ஏழு நம்பரு. அந்தப் பழக்கத்துல சவுண்டுக்கெல்லாம் கன்டெய்னர் மாதிரியே நம்பர் போட்டு வரிசையா வெச்சிட்டேன். பாக்க அவ்ளோ அழகா இருந்துது. ரெஜினாவ கூப்ட்டு கூட காட்னேன்.

வெள்ளிக்கெழம கோயில்ல பாட்டு பிராக்டீஸு. எங்க பாடகர் குழு மாஸ்டரு அருள் சாரு, காணிக்கைப் பாட்டுக்கு மெல்லிசா ஒரு சவுண்டு குடு இன்னாசின்னாரு. நான் குனிஞ்சு ஸ்கிரீன பாத்தேன். நம்பரா கீது. எந்த நம்பருக்குள்ள இன்னா சரக்குன்னு ஒண்ணும் ஞாபகமில்ல. யார்டுல இது பரவால்ல, சீல ஒடைச்சாதான் சரக்கு தெரியணும். இங்க அப்டி இல்ல.

ஒரு தைரியத்துல மெறிச்சேன்.

முன்வரிசையில ஒசந்த குரல்ல பாடற லில்லி டீச்சரு பாட்டுப் புக்க கீழ போட்டாங்க. பால்கனியில இருந்த பொறா அல்லாம் ஒட்டுக்கா கெளம்பி வெளிய பூடுச்சு.

அருள் சாரு கண்ணாடிய கழட்டித் தொடைச்சாரு. கோவம் வந்தா அவரு அப்டித்தான். அப்பால, "இது காணிக்கைப் பாட்டு இன்னாசி. கப்பல் ஒடைக்கிற பாட்டு இல்ல" அப்டின்னாரு.

அங்கேந்தே குமாருக்கு போன் போட்டேன். அவன் சிரிச்சி முடிக்கவே ரெண்டு நிமிசம் ஆச்சு. அப்பால தான் விசயத்துக்கு வந்தான். நாலு பட்டனுக்கு நாலு சவுண்டு மட்டும் முன்னால கொண்டாந்து வெய்யி, மத்தத கண்ணுல காட்டாதன்னான். அல்லாத்துக்கும் சத்தத்த ஒரே அளவுல வெய்யின்னான். கடைசியா ஒண்ணு சொன்னான். அதுல தான் வெனையே.

"நம்பர் வெக்காத மாமு. உனக்குப் புரியற பேரா வெய்யி. குனிஞ்சு பாத்த ஒடனே இது இந்த சவுண்டுன்னு மூஞ்சி ஞாபகம் வர்ணும்."

மூஞ்சின்னு அவன் சொன்னது சொம்மா ஒரு பேச்சுக்கு. நான் அத்த அப்டியே எடுத்துகினேன்.

சனிக்கெழம காலைல, லீடு வாசிக்க ஒரு சவுண்டு தேடிகினு இருந்தேன். லீடுன்னா பாட்டு நடுவுல கிட்டார் மட்டும் ஒண்டியா மேல ஏறி கத்தற எடம். ஹெட்போன் இல்லாம, சின்ன ஸ்பீக்கர்ல. ஒண்ணு வந்துது. கூர்மையா, நேரா வந்து காதுல எறங்குது. சத்தியமா சொல்றேன், நான் கிட்டார கீழ வெச்சிட்டு, சட்டைய மாட்டிகினு, வாசல்ல போய் நின்னேன். மாமியாரு வந்துட்டாங்கன்னு நெனச்சிகினு.

வாசல்ல யாருமில்ல.

திரும்பி வந்து இன்னொரு தபா தட்டிப் பாத்தேன். அட, அதே குரலு.

எங்க மாமியாரு பிலோமினா, ரெண்டு தெரு தள்ளி கீறாங்க. தங்கமானவங்க. ஆனா அவங்க வூட்ல கொழம்புக்கு உப்பு போதுமான்னு ரகசியமா கேட்டா கூட எங்க வூட்லேந்தே பதில் சொல்லலாம். அந்தக் குரலு அப்டி.

ஆப்புல அந்த சவுண்டுக்கு இங்கிலீஷ் எழுத்துல 'மாமியார்'னு அட்ச்சேன். அப்பால பாருங்க, கதவு தொறந்த மாதிரி மத்ததெல்லாம் தானா வந்து வுழுந்துது.

கோரஸ்னு ஒரு எஃபெக்டு கீது. ஒரே சத்தத்த ரெண்டு பேரு, கொஞ்சம் முன்ன பின்ன சொல்ற மாதிரி இருக்கும். அது யாரு? மாமியாரோட தங்கச்சி ஜோசபின். அக்கா இன்னா சொன்னாலும் அரை செகண்டு கழிச்சி அத்தயே சொல்லுவாங்க. பேரு வெச்சேன், 'சின்ன அத்தை'.

நாய்ஸ் கேட்டுன்னு ஒண்ணு. பலமா தட்டுனா தான் தொறக்கும், மத்த நேரம் வாய மூடிகினு இருக்கும். எம் மச்சான் ரிச்சர்டு. பிரியாணி தட்டு வெக்கற சத்தம் கேட்டா தான் அவன் வாயத் தொறப்பான். 'ரிச்சர்டு'.

டிலேன்னு ஒண்ணு. நாம ஒரு தபா தட்டுனா அதே சத்தம் மூணு தபா திரும்பி வரும். கண்ணாலமான புதுசுல நான் வாய் தவறிச் சொன்ன ஒரு வார்த்தை இன்னிக்கும் எங்க வூட்ல வந்துகினு கீது. யோசிக்கவே இல்ல. 'ரெஜினா'.

நாலு பட்டனும் ரொம்பிடுச்சு. ஒரு துண்டு பேப்பர்ல எய்திகினேன்: ஆரம்பத்துக்கு சின்ன அத்தை, பல்லவிக்கு ரிச்சர்டு, லீடுக்கு மாமியார், முடியறதுக்கு ரெஜினா. ஒரு மணி நேரத்துல பாட்டு ரெண்டும் மனப்பாடம். ஒரு தபா கூட ராங்கு பட்டன மெறிக்கல. குமாருக்கு போன் பண்ணி, நீ தெய்வம்டான்னேன். இன்னா பேரு வெச்சேன்னு அவன் கேக்கல. நானும் சொல்லல.

ஞாயித்துக்கெழம காலைல பூச முடிஞ்சி, பக்கத்துல கீற மண்டபத்துல நிச்சயதார்த்தம். மாப்பிள்ள ஜெரால்டு, மாத்தூர்காரன். காட்டுப்பள்ளி பக்கம் கப்பல் வேலை. நல்ல பையன், ஆனா அவங்கம்மாவப் பாத்தா எங்க வூட்டு ஆளுங்க அல்லாருக்கும் ஒரு பயம். அந்தம்மா வந்ததுலேந்து சிரிக்கல. மண்டபத்து ஃபேன், பூ, டீ, எங்க வூட்டுக்காரங்க பொடவ, ஒண்ணு வுடாம பாத்துகினு இருந்தாங்க. யாரும் எதுவும் கலீஜா பண்ணிராதீங்கன்னு ரெஜினா காலைலேந்து மூணு தபா சொல்ட்டா.

மேடைக்குப் பின்னால பெரிய டிவி ஒண்ணு மாட்டிருந்தாங்க. பொண்ணு மாப்பிள்ள போட்டோ ஓட்டறதுக்கு. போட்டோ அல்லாம் என் போன்ல இருந்துது. ரிச்சர்டு வந்து போன வாங்கி டிவியோட கனெக்சன் குடுத்தான். ஷீலா போட்டோ, ஜெரால்டு போட்டோ அல்லாம் சோக்கா ஓடுச்சு. மாப்பிள்ளயோட அம்மா கூட ஒரு போட்டோவுக்கு லேசா தலைய ஆட்னாங்க.

முடிஞ்சதும் ரிச்சர்டு போன என் கைல குடுத்தான். கனெக்சன எடுத்துட்டியாடான்னு நான் கேட்டேன். எதுக்கும் ஆங்ன்னு சொல்றவன் அவன். அதே மாதிரி ஆங்ன்னு சொல்ட்டு, பிரியாணி அண்டா பக்கம் பூட்டான்.

நான் போன மைக் ஸ்டாண்டுல மாட்டி, கிட்டார் ஆப்பத் தொறந்தேன். மெறிக்கிற சவுண்டோட பேரு அதுல பெருசா வரும். டிவி எனக்கு முதுகுக்குப் பின்னால கீது.

மொத பாட்டு, மொத பட்டன். சின்ன அத்தை. கோரஸு அப்டியே தேன் மாதிரி மண்டபத்துல பரவுது. ரெண்டாவது வரிசையில யாரோ சிரிச்சாங்க. சந்தோசமா கீறாங்கன்னு நெனச்சேன்.

ரெண்டாவது பட்டன். ரிச்சர்டு. இன்னும் நாலு பேரு சிரிச்சாங்க. ஒருத்தரு பக்கத்துல கீறவர இடிச்சி மேடையக் காட்றாரு. என் விரலத்தான் காட்றாருன்னு நான் விரல கொஞ்சம் ஸ்டைலா தூக்கி வெச்சி வாசிச்சேன்.

அப்பால லீடு. மூணாவது பட்டன மெறிச்சேன்.

எனக்குப் பின்னால, ஆறடி டிவியில, அரையடி எழுத்துல 'மாமியார்'னு வந்து நின்னுச்சு. அதுக்குக் கீழ கூர்மைக்கு டிரெபிள் பத்து, கத்தறதுக்கு கெயின் பத்து, கனத்துக்கு பேஸ் சைபருன்னு வட்ட வட்டமா படம். அந்தப் படத்துக்கு முன்னால நான் கண்ண மூடிகினு, உயிரக் குடுத்து அந்த சவுண்ட கத்த வுடறேன்.

மண்டபமே குலுங்குது. என் வாழ்க்கையில இப்டி ஒரு வரவேற்பு பாத்ததில்ல. கண்ணத் தொறந்தா, கும்பலுக்கு நடுவுல ரெஜினா எழுந்து நின்னுகினு கையால மேல, மேலன்னு காட்றா. அவ காட்னது டிவிய. எனக்குப் புரிஞ்சது சத்தத்த ஏத்துன்னு.

ஏத்தினேன். டிவியில மாமியாருக்குக் கீழ வால்யூம் அஞ்சு, ஆறு, ஏழுன்னு ஏறிகினே போறத மொத்த சனமும் பாத்துது.

முடியற எடம் வந்துது. நாலாவது பட்டன மெறிச்சி, கடைசி நோட்ட தட்டிட்டு, எதுக்கு அல்லாரும் எனக்குப் பின்னாடியே பாக்கறாங்கன்னு திரும்பினேன்.

'ரெஜினா'ன்னு கீது.

கை நின்னு போச்சு. ஆனா டிலேவாச்சே. நான் நிறுத்துனாலும் அது நிக்கல. செத்த அமைதியில அந்த ஒரு நோட்டு மூணு தபா திரும்பி வந்துது.

அடுத்து எழுந்தது மாப்பிள்ளயோட அம்மா. எழுந்து, எங்க மாமியார் பக்கம் திரும்பி, "சம்மந்தி, அது நீங்களா?"ன்னு கேட்டாங்க. அடக்கமா தான் கேட்டாங்க. ஷீலா தலையக் குனிஞ்சிகினா. இன்னியோட ஒரு பொண்ணு வாழ்க்கைய நாலு பட்டன வெச்சி கெடுத்துட்டேன்னு நெனச்சேன்.

மாமியாரு எழுந்தாங்க. நேரா மேடைக்கு ஏறி வந்தாங்க. டிவிய பாத்தாங்க, டப்பாவ பாத்தாங்க, என்னப் பாத்தாங்க.

"அத்த, அது சொம்மா ஞாபகத்துக்கு..."ன்னு இஸ்தேன்.

"வாசி மாப்ள" அப்டின்னாங்க.

"அத்த?"

"எம் பேர்ல வெச்சிக்கீற இல்ல. நான் கேக்கணுமா வேணாமா? வாசி."

வேற வழி இல்ல. மூணாவது பட்டன மெறிச்சி, ஒரே ஒரு நோட்டு தட்டினேன். முன்வரிசையில ரெண்டு கொழந்தைங்க காதப் பொத்திகிச்சு.

மாமியாரு தலைய சாய்ச்சி முழுசா கேட்டாங்க. அப்பால மொகம் சுருங்கிப் போச்சு.

"நான் இம்மாம் மெதுவாவா பேசறேன்?"

மைக்கு பக்கத்துல இல்ல. இருந்தாலும் கடைசி வரிசை வரைக்கும் கேட்டுது.

மாப்பிள்ள ஜெரால்டு தான் மொதல்ல வெடிச்சான். அப்பால அவங்கம்மா. காலைலேந்து சிரிக்காத அந்தம்மா சேர்ல சாஞ்சி, கண்ணத் தொடைச்சிகினு சிரிக்கறாங்க. எங்க மாமியாருக்கும் இப்டி ஒரு பட்டன் இருந்திருந்தா அப்பவே சத்தத்த கொறைச்சிருப்பேன்னு சொன்னாங்களாம், அப்பால ரெஜினா சொன்னா.

எல்லாம் சரியாயிடுச்சுன்னு நெனச்சா, சின்ன அத்தை வந்துட்டாங்க. அவங்களுக்குப் பேரு வெச்சதுல வருத்தமில்ல. அக்காவுக்கு மட்டும் நடுவுல தனியா, நீளமா வாசிச்சியே, எனக்கு ஆரம்பத்துல சொம்மா லேசா தடவிட்டு வுட்டுட்டியேன்னாங்க. பாட்டோட அமைப்பு அப்டின்னு சொல்லிப் பாத்தேன். எங்க கொடுப்பின அப்டின்னு சொல்ட்டு பூட்டாங்க. ரிச்சர்டு மட்டும் ஒண்ணும் கேக்கல. தட்டுல பிரியாணி இருந்துது.

ரெஜினா கிட்ட வந்தா. "வூட்டுக்கு வா" அப்டின்னா. பந்தியில ஒக்காந்தப்ப தண்ணி ஊத்திகினே, "வூட்டுக்கு வா"ன்னா. கை கழுவுற எடத்துல, கொஞ்சம் மெதுவா, "வூட்டுக்கு வா"ன்னா. அந்த டிலேவ நான் தப்பா செட் பண்ணலன்னு மட்டும் தெரிஞ்சிகினேன்.

சாப்ட்டு முடிச்சி, மேடையில ஒண்டியா குந்திகினு ஒயர சுத்திகினு இருந்தேன். அப்போ மாமனாரு வந்தாரு.

எங்க மாமனாரு செபஸ்தியான் ரயில்வேயில இருந்து ரிட்டயரானவரு. ஒரு நாளைக்கு மொத்தமா பத்து வார்த்த பேசுவாரு. அதுலயும் பாதி தலையாட்டல் தான். அவரு வந்து டப்பாவ கொஞ்ச நேரம் பாத்துகினு நின்னாரு. அப்பால தொண்டைய செருமிகினு கேட்டாரு.

"எனக்கு இன்னா மாப்ள வெச்சிக்கீற?"

எனக்கு சங்கடமா பூடுச்சு. அவருக்கு நான் ஒண்ணுமே வெக்கல. வெக்கணும்னு தோணவே இல்ல. மனுசன் ஆசையா வந்து கேக்கறாரு, இல்லன்னு எப்டிச் சொல்றது? கீது மாமா, கீதுன்னு சொல்ட்டு, ஒயர திரும்ப சொருகினேன். இன்னா பண்றதுன்னு தெரியாம, அவசரத்துல ஒரு பட்டன கொஞ்ச நேரம் அமுக்கிப் புட்ச்சிட்டேன் போல.

அப்டி அமுக்குனா டியூனர் வந்துரும். கம்பிக்கு சுருதி சேக்கறதுக்கு. அந்த நேரம் மெஷினு வெளிய ஒரு சத்தமும் வுடாது.

நான் கம்பிய தட்டினேன். ஸ்பீக்கர்ல ஒண்ணுமே வர்ல. இன்னொரு தபா தட்டினேன். ஒண்ணுமில்ல. போச்சு, இவரும் கோச்சிக்கப் போறாருன்னு தலையத் தூக்கிப் பாத்தா, மாமனாரு கண்ண மூடிகினு நிக்கறாரு. ரொம்ப நல்லா கேக்கற மாதிரி.

அந்தாண்ட பந்தியில மாமியாரு யாருக்கோ இன்னொரு கரண்டி வெய்யின்னு சொல்ற சத்தம் மட்டும் கேட்டுது.

அவரு கண்ணத் தொறந்து, குனிஞ்சு, டப்பாவ ஒரு தபா தொட்டுப் பாத்தாரு. அப்பால பந்தி பக்கம் ஒரு பார்வ பாத்துட்டு, என் காதுகிட்ட வந்து மெதுவா கேட்டாரு.

"மாப்ள, இந்த சவுண்டு வூட்ல வெக்கறதுக்கு தனியா கெடைக்குமா?"